கைக்குள் நின்ற சில்லறை

அன்புள்ள அம்மா,

முட்டிவலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை, முழங்கையில் சின்னச் சிராய்ப்புதான்.

நம்மூரில் பூனை கருவாட்டைக் கவ்வி ஓடினால் ‘ஹப்லோட்’ என்று சிரிப்போமே, மணிலாவில் அதைக் கேட்டால் ஆளாளுக்குப் பையை நெஞ்சோடு அணைக்கிறார்கள். நைசாக எடுப்பது வேறு. கண்ணெதிரே வெடுக்கென்று பிடுங்கினால்தான் ஹப்லோட்.

செவ்வாய்க்கிழமை ஜீப்னி வண்டியில், எதிரெதிர் பெஞ்சில் வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். இங்கேயும் வண்டிக்கூலி கைமாறி கைமாறித்தான் டிரைவரிடம் போகிறது. எதிரே இருந்தவள், “அக்கா, இதை டிரைவருக்குத் தள்ளிவிடுங்க” என்று சில்லறையைத் தந்தாள். வாங்கினேன். அதே நொடி படியில் தொற்றியிருந்தவன் என் போனைப் பிடித்து இழுத்தான். நான் ஒரு கையாலேயே மல்லுக்கட்டினேன்.

“ஹப்லோட்! காசை விட்டுட்டு போனைப் பிடிடி, பைத்தியமே!” என்று பக்கத்து அம்மாள் அலறினாள்.

அடுத்தவர் காசை எப்படி அம்மா கீழே போடுவது? போன் போயிற்று. சில்லறை கொடுத்தவளும் அவன் பின்னாலேயே குதித்து ஓடினாள்.

உங்கள் நம்பரும் அதோடு போயிற்று. பெரிதாக எழுதி அனுப்புங்கள். கொஞ்சம் கருவாடும்.

இன்று காலை ஜீப்னியில் ஒரு கர்ப்பிணி டிரைவருக்குத் தரச் சொல்லிச் சில்லறையை நீட்டினாள். நான் பையைக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்தேன். அவள் கை அப்படியே நீண்டிருந்தது.

ஜீப்னி வருகிறது.

மிலாக்ரோஸ்