மரமணி ஜெபமாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? அங்கே பிலிப்பைன்ஸில், நம் இலோய்லோவில் மழை விட்டதா? இங்கே கனடாவில், ஆல்பர்ட்டாவில் அப்பாவும் நானும் நலம்.

ஊர் பெருகியதால் எங்கள் கத்தோலிக்கப் பள்ளியில் இடம் போதவில்லை. மைதானத்தில் கொண்டுவந்து வைத்த தகர அறையில்தான் என் வகுப்பு. செவ்வாயன்று ஒலிபெருக்கி, "கதவைப் பூட்டுங்கள்" என்றது. விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் பதுங்கினோம். வெளியே யாரோ கைப்பிடியைத் திருகினார்கள். நிலநடுக்கத்தின்போது நம் வீட்டில் செய்வதுபோல் நான் உரக்க, "அருள்நிறைந்த மரியே" என்று தொடங்கிவிட்டேன்.

"வாய மூடுடி! மாதா வர்றதுக்குள்ள துப்பாக்கிக்காரன் வந்துடுவான்!" என்று பக்கத்தில் பதுங்கியிருந்த வகுப்புத் தோழி ஒக்ஸானா என் வாயைப் பொத்தினாள்.

துப்பாக்கிக்காரன் பள்ளிக்குள் புகுந்தால் எப்படி ஒளிவது என்று பழக்கும் வெறும் ஒத்திகைதானாம். அதை வகுப்பில் முன்பே சொன்ன நாளில் நான் காய்ச்சலில் கிடந்தேன். பூட்டியிருக்கிறோமா என்று பார்க்கக் கைப்பிடியைத் திருகியவர் தலைமையாசிரியர். எங்கள் ஆசிரியை திட்டவில்லை. "அடுத்த தடவ மனசுக்குள்ள சொல்லும்மா. ஜெபமாலைய கையில வெச்சுக்கோ" என்றார்.

சிரிப்பீர்கள் என்றுதான் எழுதினேன். இப்போதும் யாராவது கதவைத் திறந்தால் கொஞ்சம் திடுக்கிடுகிறேன், அவ்வளவுதான்.

பள்ளிப் பேருந்து வந்துவிட்டது. உங்கள் மரமணி ஜெபமாலையை அனுப்புங்கள் அம்மா. என்னுடையது கண்ணாடி மணி. கை நடுங்கினால் சத்தம் கேட்கும்.

உங்கள் மகள்,
அமிஹான்