மஞ்சுவும் ஓட்டைக் குழாயும்

மே 12, திங்கள். அனல்.

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: மேன்மை தங்கிய சிம்பன்சி மஞ்சு அவர்கள் இன்று காலை எறிந்த வாழைப்பழத் தோல், என் நெற்றியில் வந்து விழுந்தது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கட்டும்.

பள்ளி லீவு. அம்மாவுக்குச் சேரப்பணஞ்சேரி தாண்டி, விலங்குக் காப்பகத்தில் வேலை. கூடவே நானும். மஞ்சு புதுசு. யாரோ பங்களாவில் சட்டை மாட்டி வளர்த்தார்களாம். வந்ததிலிருந்து உள் அறையை விட்டு நகரவில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. வெளிக்கூண்டில் டயர், ஊஞ்சல், எல்லாம் சும்மா. வெளியே வந்து பழகினால்தான் பக்கத்துக் கூண்டு சின்னு, கோபாலோடு சேர்ப்பார்கள். இல்லையென்றால் தனியாகவே கிடக்கணும்.

என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் காட்டினாள்.

"ம்மா, சிரிக்குது பாரு!"

"சிரிப்பு இல்லடா, பயப்படுது. சிரிச்சா மேல் பல்லு தெரியாது, கீழ் உதடு தொங்கும். தள்ளி நில்லு."

என் மூஞ்சிக்கு இப்படி ஒரு விமர்சனம்.

மே 13, செவ்வாய். மேகம். மழை? ஏமாற்று.

திட்டம் ரெடி. பிளாஸ்டிக் குழாய், ஓட்டைகள், உள்ளே தேன், வேர்க்கடலை. மஞ்சு குச்சி விட்டு நோண்டணும். எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் முருகன் அண்ணன் ஓட்டை போட்டுத் தந்தார். ஊர் தூத்துக்குடி, வேலை வல்லம் வடகால் கம்பெனி ஒன்றில், நைட் ஷிப்ட் முடித்த தூக்கக் கண்.

"ஏலே, குரங்குக்கா இம்புட்டு வேலை?"

"குரங்கு இல்லண்ணே, சிம்பன்சி. வால் கிடையாது."

"ஒனக்குந்தான் கிடையாது. அதுக்கென்னல?"

பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்கே சந்தேகம்!

அம்மா மட்டும் வழக்கம்போல: "ஓட்டைய வழவழன்னு தேச்சியா? எல்லாத்துலயும் வெரல வுட்டுப் பாத்துட்டுதான் அதுக்குக் குடுக்கணும்."

"ஆச்சும்மா, ஆச்சு."

மே 14, புதன். வெயிலாவது ஒண்ணாவது!

வந்தாள்! வெளியே வந்தாள்!! கம்பி வரைக்கும்!!! அம்மா பழவாளி எடுக்கப் போய்த் திரும்பி வந்தால், மஞ்சு கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி, வெளியே நிற்கும் எனக்கு எதிரே. வாளியைப் போட்டுவிட்டாள் அம்மா. "எம்புள்ள செஞ்ச குழாய்ங்க" என்று வாட்ச்மேன் வரை செய்தி. படப்பை ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாத மூவருக்கு நானே விளக்கினேன். இனி என்னை விஞ்ஞானி என்றே அழைக்கவும்.

விரலில் என்ன கட்டு என்று அம்மா கேட்டாள். வீரத்தழும்பு.

மே 15, வியாழன். புழுக்கம்.

குழாயைக் கம்பியில் மாட்டினோம். மஞ்சு உள் அறை வாசல்வரை வந்தாள். குழாயைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தாள். உள்ளே திரும்பப் போனாள்.

காப்பகத்து டாக்டரம்மா: "நேத்து வேற என்னப்பா பண்ணே? சொல்லு. இல்லன்னா இவ திரும்ப உள்ளயே உக்காந்துடுவா."

சொன்னேன். ஓட்டையைத் தேய்க்கவே இல்லை. நேற்று அம்மா போன பிறகுதான் விரலை விட்டேன். மாட்டிக்கொண்டது. குழாயோடு ஒற்றைக் காலில் குதித்துக் கத்தியதை வேடிக்கை பார்க்கத்தான் மஞ்சு வந்தாள். அப்புறம் தேன் வழுக்கி விரல் வந்தது.

அம்மா முறைத்தாள். குழாயைக் கம்பியிலிருந்து கழற்றி, ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்து, என் கையில் திணித்தாள். "இன்னா பாக்குற? குதி."

குதித்தேன். வந்தாள். கீழ் உதடு தொங்க, தோள் குலுங்க, 'ஹக் ஹக்' என்று. மேல் பல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

விஞ்ஞானி இல்லை. விளையாட்டுச் சாமான் நான்தான். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.