இடது குதிகால்

அடி அண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே எல்லாரும் சுகம், அங்கே ஐதராபாத்தில் உன் வலது கணுக்கால் சுகமா, அதைத்தான் முதலில் கேட்கிறேன். கபடி கேம்ப்பில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாமே, அதனால்தான் கடிதம். அப்பா கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார். அவர் இருந்தால் "மறந்து தொலைடி"னு என்னை எழுத விடமாட்டார். எப்படி மறப்பேன்? கபடியில் பிடிப்பதும் விழுவதும் சகஜம்தான். விசில் அடித்த பிறகும் உன் காலை விடாமல் திருகினாளே அந்தக் கீழ்பென்னாத்தூர் அபிநயா, எட்டு மாதம் நீ நொண்டினாயே, ஒரு நாள் எட்டிப் பார்த்தாளா? அவள் அப்பன் ராமதாஸ் போனில் "அடிபடும்னு தெரிஞ்சிதானே ஆட வுட்டீங்க"ன்னான். அது இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

மாசியில் சென்னையில் நீ அவள் டீமோடு மோதப் போகிறாய், அதனால் சொல்வதைக் கவனமாகக் கேள். அவள் ஆடின மேட்ச் எல்லாவற்றையும் உன் தங்கை சிந்துஜா போனில் போட்டுத் தருகிறாள். நான் அவள் மூஞ்சியைப் பார்ப்பதே இல்லை. கிரிவலப் பாதையில் இருபது வருடமாகத் தரையில் உட்கார்ந்து மோர் விற்கிறவள் நான், எனக்குக் கால்களைத்தான் தெரியும். பாய்வதற்கு முன்னால் அவள் இடது குதிகால் மேலே எழும்புகிறது, ஒவ்வொரு தடவையும். அது எழும்பினதும் நீ நீட்டின காலை இழுத்துக்கொள். அவள் கை வெறும் தரையைப் பிடிக்கும். அந்தக் கையைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்துவிடு. நீட்டு, இழு, தொடு, திரும்பு. தினமும் இருநூறு தடவை பழகு, அடிபட்ட காலில் ஜாஸ்தியாகப் பழகு. பயந்தால் கால் தானாக நின்றுவிடும், பயப்படாதே.

இன்னொன்று, அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் அந்த அபிநயாவே கிரிவலம் வந்தாள், கால் நடையைப் பார்த்ததுமே கண்டுகொண்டேன். மோர் குடித்துவிட்டு, "அக்கா, கால்ல முள்ளு குத்திடிச்சி, ஊக்கு இருந்தா குடுங்க"ன்னாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அதே இடது குதிகால். நானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உன் காலைத் திருகினவள் கால் என் கைக்குள், எழில். ஒரு திருகு போதும். முள்ளை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி அனுப்பிவிட்டேன். இரக்கப்பட்டு இல்லை. காலில் முள் குத்தியிருந்தது, அதனால்தான் தோற்றேன் என்று நாளைக்கு அவள் யாரிடமும் சொல்லக் கூடாது.

உண்ணாமலையம்மன் உன் கால்களுக்குக் காவலாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. மாசியில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், அப்போது நான் யாரென்று அவள் தெரிந்துகொள்ளட்டும்.

உன் அம்மா,
பாஞ்சாலை.