நான்காம் துளையில் காத்திருந்த கேள்வி

ரீச்சர்,

இன்று காலை கோப்பாய் வாசிகசாலையில் பொறுப்பாளர் அம்மா புதுக் கணினியைத் தயார்செய்துகொண்டிருந்தார். ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓடவிடப் போகிறாராம். நினைவகம் எவ்வளவு, எந்த வட்டு என்று திரையில் வரிசையாகக் கேள்விகள் வந்தன. நடுவில் ஒன்று, கன்சோல் எது என்று கேட்டது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன சேர், உங்களுக்கு உது விளங்குமோ?"

"ஓம் பிள்ளை. உதுக்குப் பிழையான மறுமொழி சொன்னால் என்ன நடக்குமெண்டு நல்லாய் விளங்கும்."

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் காலமாகி, வருகிற மாதத்தோடு ஒரு வருடம். நீங்கள் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசி அது. நம் கல்வி நிலையத்தில் நான் கணிதம் படிப்பித்தேன். நீங்கள் மீன்பிடி ஊரான குருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து தட்டெழுத்துப் படிப்பித்தீர்கள். வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர்கள் ஒரு கணினி அனுப்பினார்கள். கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்று கழித்துவிட்ட நான்கு முனையங்களும் சுன்னாகம் ஸ்ரேசனில் வந்து இறங்கின. திரையும் விசைப்பலகையும்தான், தாமாக எதையும் செய்யத் தெரியாதவை. படிக்க வந்த பிள்ளைகளோ பன்னிரண்டு பேர். பரீட்சையில் நான்கு நான்கு பேராக, ஆளுக்கொரு கணினியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று கடிதம் வந்தது.

ஒரு கணினியை நான்காக்கும் மென்பொருள் கணினியோடு வந்த நெகிழ்வட்டுகளிலேயே இருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அந்தத் தடித்த ஆங்கிலக் கைந்நூலை மூன்று வாரம் பஸ்ஸிலேயே படித்து முடித்தீர்கள். நிலையத்தின் செயலாளர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்: "ரைப் அடிக்கிற ஆளுக்கு உந்த விளையாட்டு என்னத்துக்கு?"

நீங்கள் நிமிரவே இல்லை. "ஐயா, நீங்கள் தோட்டம் செய்யிறனீங்கள். நாலு வீட்டுக்குப் பொதுவான கிணத்திலை உங்கடை இறைப்பு முறை வந்தால் என்ன நினைப்பியள்?"

"கிணறு முழுக்க என்ரை எண்டுதான்!"

"உதுவும் அப்பிடித்தான். நாலு பிள்ளையளும் முழுக் கொம்பியூட்டரும் தன்ரை எண்டு நினைப்பினம். முறை பிரிச்சுக் குடுக்கிற ஆள் உள்ளுக்கை இருக்குது."

உதாரணம் சொல்வது என் தொழில். அன்று அதை உங்களிடம் பறிகொடுத்தேன். பிறகு பல வருடம் அந்தக் கிணற்றை என்னுடையதுபோலவே வகுப்பில் சொல்லிவந்தேன். மன்னியுங்கள்.

உள்ளே இருந்து முறை பிரிக்கும் அந்த ஆளுக்குக் கேர்னல் என்று பெயர். யாருக்கு எவ்வளவு நினைவகம், அச்சுப்பொறி யாருக்கு என்று அதற்கு ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தீர்கள். அது தன்னைப் பார்த்துக்கொள்ளும் மனிதரோடு கதைக்கும் இடந்தான் கன்சோல். "பிள்ளையள் தெரியாமல் அதைத் தொட்டால் நாலு பேற்றை வேலையும் விழும், மாஸ்ரர்" என்று சொல்லி, கணினியின் முதுகில் முனைய வயர்களைச் செருகும் நான்கு துளைகளில், கன்சோலை நான்காம் துளைக்கு மாற்றினீர்கள். கணினியின் சொந்தத் திரையும் மூன்று முனையங்களும் பிள்ளைகளுக்கு. நான்காவது முனையம் உங்கள் மேசைக்கு.

பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் எல்லாம் ஓடியது. நான்கு பிள்ளைகள் நான்கு திரைகளில் கடிதம் அடித்தார்கள். அப்போது கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் நாம் என்ன செய்வோம்? திரும்பி வரும்போது எகிறி வந்து எல்லாவற்றையும் எரித்துவிடும் என்று கண்ட வயரையெல்லாம் இழுத்துக் கழற்றுவோம். செயலாளரும் அதையே செய்தார். சுவரில் இருந்ததோடு நிற்காமல், கணினியின் முதுகில் செருகியிருந்த நான்கையும் கழற்றிவிட்டார். அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. தானே திரும்பச் செருகினார். ஐந்து திரையும் கறுப்பு.

"எரிஞ்சு போச்சு," என்றார். "நாளைக்கு வாற சோதினை ஆளுக்கு என்னத்தைக் காட்டுறது? ரீச்சர் உதைக் கிண்டாமல் விட்டிருக்கலாம்."

பிள்ளைகள் உங்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உங்களைக் காப்பாற்ற ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. ஏனென்றால் நானும் எரிந்துவிட்டது என்றே நம்பினேன். இத்தனை வருடமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான்.

நீங்கள் கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டீர்கள். மறுபடியும் அணைத்துப் போட்டீர்கள். திரையைப் பார்க்கவில்லை, வட்டின் சின்னச் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்தீர்கள்.

"மாஸ்ரர், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலைதான் நிக்குது. எரிஞ்ச சாமான் இப்பிடி ஒழுங்காய் நிக்காது. உது என்னவோ கேட்டுப்போட்டு மறுமொழிக்குக் காத்துக்கொண்டு நிக்குது."

"எங்கை கேக்குது?"

"நாலாம் துளையிலை. அங்கை இப்ப ஆரும் இல்லை."

தரையில் மண்டியிட்டுக் கணினியின் முதுகைத் தடவினீர்கள். உங்கள் முனையத்தின் வயர் இரண்டாம் துளையில் இருந்தது; நான்காம் துளை வெறுமையாக இருந்தது, செயலாளர் செருக மறந்த ஒரு வயர் மேசைக்குக் கீழே கிடந்தது. நான்கு துளைகளும் ஒரே அச்சு, மாறினால் கண்ணுக்குத் தெரியாது. கழற்றி நான்காம் துளையில் செருகினீர்கள். அப்போதும் திரை கறுப்புத்தான்.

"இன்னும் ஒண்டும் இல்லையே!" என்றார் செயலாளர்.

"அது கேட்டு முடிஞ்சுது, ஐயா. இனி நாங்கள்தான் வாய் திறக்கவேணும்."

எட்டி ஒரு விசையைத் தட்டினீர்கள். இன்றைய திகதி என்ன என்ற கேள்வி பச்சை எழுத்தில் எழும்பியது. இவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டிருந்தது அவ்வளவுதான். திகதியை அடித்தீர்கள். மற்ற வயர்களையும் அதனதன் இடத்துக்கு மாற்றியபோது ஒவ்வொரு திரையாக விழித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நீங்கள் மண்டியிட்டபடியே கையை நீட்டி, "ஆராவது வலைநூல் கொஞ்சம் தாங்கோ" என்றீர்கள். தோட்டக்காரர் ஊரில் எங்களில் யாரிடம் வலைநூல் இருக்கும்! பிறகு உங்கள் கைப்பையிலிருந்தே எடுத்து, ஒன்றிலிருந்து நான்கு வரை வயர்களில் முடிச்சுப் போட்டீர்கள், இருட்டிலும் தடவிப் பார்க்கலாம் என்று.

மறுநாள் பரீட்சகர் நான்கு திரைகளையும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கணினியைப் பார்த்தார். "உதை ஆர் செய்தது?"

"எங்கடை ரீச்சர்," என்று முந்திக்கொண்டு சொன்னவர் செயலாளர்.

பதினொரு பேர் தேறினார்கள். தவறிய ஒருத்தி தட்டெழுத்து வேகத்தில் தவறினாள். "என்ரை பாடத்திலையே கவிழ்த்துப்போட்டாள்" என்று நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தக் கணினி போய்விட்டது. அப்போது தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் வகுப்பு எடுத்தேன். எதைக் கேட்டாலும் வாய் திறக்காத பிள்ளைகள் அங்கே பலர். முன்பெல்லாம் நான் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகிறவன். உங்கள் நான்காம் துளைக்குப் பிறகு அப்படிச் செய்ய முடியவில்லை, ரீச்சர். பக்கத்தில் போய்க் குந்தி, சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்து, "நீ சொன்னது எனக்குக் கேக்கேல்லை அம்மா, எழுதிக் காட்டு" என்பேன். பலர் எழுதினார்கள்.