வள்ளியூர்ச் சந்தையில் வாங்கின கோவேறு கழுதை

பாளையங்கோட்டை
12.10.96

அன்பு மகள் விஜயஸ்ரீக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் காந்திமதி அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்த டெக்ஸாஸ் வெயிலில் உடம்பு வாடாமல் இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறோம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் புறப்பட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். டிக்கெட் எடுத்துத் தொலைக்காதே, இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

ஆனி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் இருந்து கை கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது, பேச்சுதான் வரவில்லை என்று உனக்கே தெரியும். பேச வையுங்கள், பேசப் பேசத்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒண்ணாங் கிளாஸ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இது ஆடா மாடா என்று கேட்டாள். முப்பது வருஷம் கால்வாய் ஓவர்சியராக இருந்து ஊருக்கே தண்ணீர் அளந்து விட்ட மனுஷனிடம் போய் ஆடு மாடு கேட்டால் என்ன செய்வார்கள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்கள். வாயைத் திறந்தா என்ன குறைஞ்சா போயிருவிய என்று நானும் ஒருநாள் கத்திவிட்டேன், பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதற்கு மறுவாரம்தான் நீ போன் பண்ணினாய். அப்பா ரிசீவரைக் காதில் வைத்து வாயை அசைத்து அசைத்துப் பார்த்தார்கள், நீ ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை, உனக்கு எப்படித் தெரியும். ஆனால் நீ வைத்த பிறகும் அப்பா ரிசீவரை இறக்கவே இல்லை, நான்தான் வாங்கி வைத்தேன். இதை அப்போது எழுத எனக்கு மனசு வரவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். நீ அஞ்சாங் கிளாஸ் படிக்கும்போது மொட்டை மாடியில் நெட்டையாக ஆன்டெனா நட்டு சிலோன் டி.வி. பார்ப்போமே, சனிக்கிழமை சாயங்காலம் கௌபாய் என்று சொல்வார்களே, அந்தக் குதிரைக்காரன் படம் போடுவான். அதில் ஒன்று தியேட்டருக்கு வராத படம், டி.வி.க்கென்றே எடுத்த சிரிப்புப் படம். குதிரையைக் கண்டால் நடுங்குகிற போலீஸ்காரன் ஒருத்தன் கோவேறு கழுதையில் ஏறி ஊருக்குள் வருவான், கண் தெரியாத மூன்று கிழட்டுத் திருடர்கள் பேங்க் என்று நினைத்து முடிவெட்டுகிற கடைக்குள் துப்பாக்கியோடு நுழைவார்கள். பேசுவது இங்கிலீஷ், கீழே ஓடுவது சிங்கள எழுத்து. அப்பாதான், நான் கொழும்புக் கடையில் மூணு வருஷம் இருந்தவன், சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சொல்லி நமக்குக் கதை சொல்வார்கள். போலீஸ்காரன் பெயர் தாணுமாலையன், கிழவர்களில் குண்டன் நேசையா, கோவேறு கழுதை வள்ளியூர்ச் சந்தையில் வாங்கினது. வெள்ளைக்காரனுக்கு வள்ளியூர் எப்படித் தெரியும் என்று நீ கேட்டதற்கு, அவன் போகாத ஊரு எங்கன இருக்குளா என்று அப்பா சொன்னார்கள். நீ சிரித்தாய், நான் நம்பினேன். அப்பா கொழும்பில் படித்தது கடைக் கல்லாப் பக்கத்துக் காலண்டர் மட்டும்தான் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

போன வாரம் புதன்கிழமை மத்தியானம் கேபிள் போடுகிற பாக்கியசீலன் ஒயரைச் சரிபார்க்க வந்தான். ஒவ்வொரு சேனலாகத் திருப்பிக்கொண்டு வந்தவன், இது இங்கிலீஷு, மாத்திரட்டுமாக்கா என்றான். பார்த்தால் அதே படம், அதே கோவேறு கழுதை. மாத்தாதலே என்று சொல்லிவிட்டு அப்பாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். அப்பா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை, நானே கதை சொல்ல ஆரம்பித்தேன். பாக்கியசீலனைப் பார்த்து, இந்தக் கழுதைய அவன் களக்காட்டுல வாங்குனாம்லா என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, எனக்கு மறந்துதான் போயிற்று. அப்பா இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்தார்கள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வள் வள் என்று இரண்டு தடவை முட்டி, வள்ளியூரு என்றார்கள். நான்கு மாதத்தில் முதல் வார்த்தை. பாக்கியசீலன் கையில் இருந்த குறடு கீழே விழுந்தது. நான் அழுதேன், அப்பாவும் அழுதார்கள், டி.வி.யில் கிழவர்கள் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு ஓடினார்கள்.

அன்றிலிருந்து நான் தினமும் தப்புத் தப்பாகக் கதை சொல்கிறேன். குண்டன் பெயர் குமரகுருபரன் என்பேன், நேசையா என்பார்கள். கிழவர்கள் தபாலாபீசுக்குள் நுழைந்தார்கள் என்பேன், கோபம் வந்து மூன்று வார்த்தை சேர்ந்து வருகிறது, அதில் ஒன்று என்னைத் திட்டுகிற வார்த்தை. திட்டட்டும், காதுக்குச் சுகமாக இருக்கிறது. பயிற்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு, புத்தகத்த நானே கொண்டு போயிருதேன் அத்தை, இதையே செய்யுங்க என்று சிரித்தாள். முழுசாக வர நாளாகும், ஆனால் வரும். நீ பட்டம் வாங்கிக்கொண்டு வா, உன்னிடம் கதை சொல்ல அப்பாவும் வார்த்தை சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, பாபநாசம் பக்கம் மழையாம். எண்ணெய் தேய்த்துக் குளி, ரொட்டியைத் தின்று வயிற்றைக் காயப்போடாதே. உன் படிப்பும் உடம்பும் குறைவில்லாமல் இருக்க அம்மனும் அப்பனும் துணை இருப்பார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. ரிசீவரை அப்பாவிடம்தான் கொடுப்பேன். சௌக்கியமா என்று கேட்காதே, அப்பா, அந்தக் கழுதையக் களக்காட்டுலதான வாங்குனாங்க என்று கேள். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இரு. சத்தமே வராது, லைன் போய்விட்டது என்று தோன்றும். வைத்துவிடாதே, அப்பா அங்கேதான் இருப்பார்கள்.

உன் அம்மா,
கோமு தில்லைநாயகம்