பொற்கூரைக்கு விற்ற தொள்ளாயிரத்து அறுபது ஆடுகள்

வானூல் வல்ல ஆசிரியை ஒருவரின் விலை கழஞ்சுப் பொன் அறுநூறு என்று திருவாய் மலர்ந்து, அந்தப் பொன்னைப் பட்டுப்பையில் கட்டி அனுப்பிய தென்கானல் நாட்டுக் கோமகனார், வெண்குடைக்கும் பொற்கூரைக்கும் உடையவர், கோ மாவிண்ணர் திருவடிகளுக்கு, பண்டார நாயகம் சாத்தன் கண்டியன் ஓடைவளநாட்டுப் புல்லூற்றிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. மாரி பொய்யாதிருக்க, மணிக்கானல் துறையில் மரக்கலம் குறையாதிருக்க, கோமகனாரின் கோபம் இவ்வோலையைப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க.

அரசர் முன் ‘நான்’ என்று எழுதுவது நம் நாட்டு வழக்கமன்று. ஆதலால் நடந்ததெல்லாம் சாத்தனுக்கு நடந்ததாகவே இதில் வரும். கேட்டதைக் கேட்டபடியே எழுதுக என்பது ஆணை. ஆதலால் பிறர் சொன்னவை அவரவர் வாய்மணத்தோடே வரும். அதற்குச் சாத்தன் பொறுப்பல்லன்.

புல்லூற்றுக் கல்விச்சாலையில் மாணாக்கர் முந்நூற்றுவர் என்றும், நம் பொற்கூரைக் கல்லூரியில் மாணாக்கர் பதினொருவர், கூரைக்குக் காவலர் இருபதின்மர் என்றும் அவையில் படிக்கப்பட்ட நாள்முதல் கோமகனார்க்குச் சோறு இறங்கவில்லை. சாத்தனுக்கும் அப்படியே. அதனாலன்றோ இரண்டு ஆணைகளோடு அவனை அனுப்பினீர்கள்! பொன் கொடுத்து ஆசிரியை அவினி நங்கையை அழைத்து வருவது ஒன்று. அவர் மறுத்தால், முத்திரையிட்ட மற்றோர் ஓலையை எல்லைப் படைத்தலைவரிடம் சேர்ப்பது மற்றொன்று. படைத்தலைவர் அமாவாசையன்று அந்தக் கல்விச்சாலையின் ஆட்டு மந்தையைக் கவர்ந்து வருவார்.

கடைத்தெருவில் பிறந்தவன் எதிர்க்கடையில் கூட்டத்தைக் கண்டால் முதலில் அந்தக் கடையின் தராசைத்தான் சந்தேகிப்பான். முந்நூற்றுவர் என்பது புளுகு என்று நிரூபிக்க, சாத்தன் மூன்று நாள் சோற்றுப் பந்தியில் நின்று தலை எண்ணினான். புளுகுதான். முந்நூற்று இருபத்தாறு பேர். கூரையோ பனையோலை, மழை பெய்தால் இலக்கண வகுப்பு மருத்துவ வகுப்புக்குள் நகர்கிறது, மருத்துவ வகுப்பு யாழ் வகுப்புக்குள் நகர்கிறது, மூன்றையும் ஒருவனே கற்றுக்கொண்டு வெளியே வருகிறான். இந்த ஒழுகல் கொட்டகைக்கா கடல் கடந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று சாத்தனுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அவர்கள் இட்ட மோர்க்குழம்பும் இறங்கவில்லை. ஆயினும் இரண்டு முறை வாங்கி உண்டான்.

அவினி நங்கையார் பொன்முடிப்பைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாயின் மேல் வைத்தார். இது ஆண்டுதோறும் வருமா என்று கேட்டார். கோமகனாரின் பிறந்தநாளில், திருவுள்ளம் மகிழ்ந்தால் வரும் என்றான் சாத்தன். மகிழாவிட்டால் என்றார். சாத்தன் இருமினான். சென்ற பிறந்தநாளில் சூரிய கிரகணம் நிகழும் என்று கணித்துச் சொன்ன குற்றத்துக்கு நம் வானூலாருக்கு நெல் நின்றுபோனது இங்கே அடுப்பங்கரைவரை தெரிந்திருக்கிறது.

“அப்படியானால் நாயகரே, இந்த அறுநூறு கழஞ்சுக்கு நான் எதையெல்லாம் கற்பிக்கக் கூடாது என்பதையும் எழுதித் தந்துவிடும். இங்கே என் சோறு ஆட்டிலிருந்து வருகிறது. ஆடு புல்லைப் பார்க்கும், என் பாடத்தைப் பார்க்காது” என்றார் அம்மையார். முடிப்பு சாத்தன் பக்கமாக நகர்ந்து வந்தது.

ஆகவே மிஞ்சியது இரண்டாவது ஓலை. கவரப் போகிற மந்தையை எண்ணிவிட்டுப் போகலாம் என்று சாத்தன் மேய்ச்சல் மேட்டுக்கு ஏறினான். மந்தைக்குக் காவலான மன்றாடி, பொதும்பன் என்பவன், மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று கேட்கும் முன்பே சொன்னான். அவற்றுள் பால்பல் விழாத ஒரு குட்டியின் காதில் சாத்தன் கண்ட குறி, இரண்டு வெட்டும் நடுவே ஒரு துளையும். அது நம் மணிக்கானல் வணிகர் குழுவின் குறி.

கோமகனார் மறந்திருக்கலாம், சாத்தனால் மறக்க முடியாது. நம் கல்லூரிக்கு வணிகர்கள் தொள்ளாயிரத்து அறுபது ஆடு விட்டிருந்தார்கள். ‘கல்லூரி நம்முடையது, காதில் மட்டும் செட்டிகளின் குறியா?’ என்று கோமகனார் முகம் சிவந்தீர்கள். ஏழாண்டுக்கு முன் அந்த மந்தையை ஆடு ஒன்றுக்கு அரைக் கழஞ்சாக விற்று, வந்த நானூற்று எண்பது கழஞ்சில் கூரைக்குப் பொன் வேய்ந்தோம். விற்றோலையில் முத்திரை வைத்தவன் சாத்தன். நல்ல விலை என்று கடைத்தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவனும் அவனே. வாங்கியவர்கள், புல்லூற்றில் படித்துப்போன எண்பது பேர். ஆளுக்கு ஆறு கழஞ்சு சேர்த்து வாங்கி, இந்த மந்தையில் விட்டார்களாம்.

“அந்த ஆடெல்லாம் எப்பவோ செத்துப்போச்சுங்க. ஆனா எங்க வழக்கத்துல அது சாவா மூவாப் பேராடு. ஒண்ணு செத்தா அதோட குட்டி காதுல அதே குறிய வெட்டிருவோம். கொடுத்தவங்க கணக்கு குறையக் கூடாதில்ல? பத்துக் குட்டி பொறந்தா ரெண்டு மன்றாடிக்கு, நாலு வாத்தியாருக்கும் பிள்ளைங்க சோத்துக்கும், மிச்ச நாலு மந்தையில சேந்துரும். படிச்சிட்டுப் போறவங்க மொதச் சம்பாத்தியத்துல ஒரு பெட்டை ஆடு அனுப்பிருவாங்க. அம்புட்டுத்தான்” என்றான் பொதும்பன். பிறகு சாத்தனின் தலைப்பாகையை ஏறஇறங்கப் பார்த்து, “மணிக்கானல்காரரா நீங்க? ஏழு வருசமாச்சே, அந்தக் கூரை எத்தனை குட்டி போட்டுச்சுங்க?” என்றான்.

கோமகனார் மன்னிக்க, சாத்தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அதோடு விட்டிருந்தால் வெறும் அரசாங்கப் பொறாமையோடு இறங்கி வந்திருப்பான். ஓரமாய் மேய்ந்த பன்னிரண்டு ஆடுகளின் காதில் மூன்று வெட்டும் ஒரு சூட்டுப் புள்ளியும் இருந்தன. சாத்தன் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் எல்லாம் அதே அடையாளம் உண்டு. அவன் மனைவி குவளை நாச்சி வைப்பது. யாருடையவை என்று கேட்டான்.

“மணிக்கானல் ஆச்சி ஒண்ணு. ஆறு வருசமா, வருசத்துக்கு ரெண்டு அனுப்புது. வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம், அவரு எதையும் வித்துப்புடுவாருன்னு சொல்லிவிட்டுச்சு. ஆச்சியத் தெரியுமா ஒங்களுக்கு?”

கொஞ்சம் பழக்கம் என்றான் சாத்தன்.

முப்பது ஆண்டு ஒரே இலையில் உண்டவளுக்குத் தன் கணவனைவிட அயல்நாட்டு இடையனிடம் நம்பிக்கை! கோமகனாரின் பொறாமை பொற்கூரை அளவென்றால் சாத்தனுடையது அன்று பன்னிரண்டு ஆட்டளவு. அதுவே பெரிதாக இருந்தது. இரண்டாவது ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லைக் காவல்மேட்டை நோக்கிப் பாதிவழி நடந்தேவிட்டான். ஒரு சொல் போதும். மந்தை முழுதும், நாச்சியின் பன்னிரண்டும் சேர்த்து, வீடு வந்து சேரும்.

வந்து சேர்ந்த பிறகு? கிழக்கு வாயிலுக்கும் பொன் வேய்ந்தால் என்ன என்று கோமகனார் கேட்பீர்கள். சாத்தன் நல்ல விலை பேசுவான், முத்திரையும் வைப்பான். அவனை அவனுக்குத் தெரியும். அவன் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. அங்கேயே திரும்பினான்.

திரும்பி வந்து, பழைய தொள்ளாயிரத்து அறுபதையும் விலைக்குக் கேட்டான். பொதும்பன் தன் கோலில் சாய்ந்து சிரித்தான். “போட்ட மொதலையே விக்கிறதுக்கு நான் என்ன ஒங்க ராசாவா?” தங்கள் பங்குக்கு வந்த பெட்டைக் குட்டிகளை மட்டுமே மன்றாடிகள் விற்பார்களாம். சாத்தன் எழுந்து போவதாக மூன்று முறை நடித்தான். மூன்று முறையும் யாரும் கூப்பிடவில்லை. குட்டி ஒன்றுக்கு ஒன்றரைக் கழஞ்சு என்று முடிந்தது. அரைக்கு விற்றதை ஒன்றரைக்கு வாங்கியவன் என்று சாத்தனின் குலத்தில் இனி மூன்று தலைமுறை பேசும்.

ஆகவே கோமகனார் அறிக. ஆசிரியை வரவில்லை. இரண்டாவது ஓலை முத்திரை கலையாமல் இவ்வோலையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆணையை மீறிய தலை, ஓட்டி வரும் மந்தைக்குப் பின்னால் நடந்து வருகிறது. எடுப்பதானால் குட்டிகளைப் பட்டியில் அடைத்த பின் எடுக்க. நானூறு குட்டிகளின் காதிலும் கோமகனாரின் குடைக்குறியே வெட்டப்பட்டிருக்கிறது. அவை செத்தாலும் அவற்றின் குட்டிகள் அந்தக் குறியைச் சுமக்கும். கூரைமேல் எழுதிய திருப்பெயரைக் காக்கைகளே படிக்கின்றன. காதில் எழுதியதை அந்த ஆட்டின் சோறு உண்கிற ஒவ்வொரு பிள்ளையும் படிப்பான்.

ஆணையிட வேண்டியவர் கோமகனார். ஆணைக்குரிய சொற்களைச் சாத்தன் எழுதி வைத்திருக்கிறான். முத்திரை ஒன்றே குறை: ‘இவை சாவா மூவாப் பேராடு. அரசராயினும் பண்டாரமாயினும் இவற்றை விற்கலாகாது. பத்துக் குட்டியில் நான்கு மந்தைக்கே. கொடுத்தவர் எவராயினும் அவர் குறி காதில் இருக்க. கிரகணம் எந்நாளில் வரினும் வானூலார்க்கு நெல் நிற்கலாகாது.’ அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு மந்தை ஆற்றுத்துறையைக் கடக்கும். குடைக்குறி உள்ள ஆட்டைப் படைத்தலைவர் பகை ஆடென்று கவராதிருக்க ஆவன செய்க.

கணக்கு. பண்டாரம் கொடுத்த பொன் கழஞ்சு அறுநூறு. குட்டி நானூற்றுக்குக் கொடுத்தது அறுநூறு. பொன் நேர்.

விற்ற ஆடு தொள்ளாயிரத்து அறுபது. கோமகனார் குறியில் வரவு நானூறு. சாத்தன் தன் காதுக் கடுக்கனும் கைக்காப்பும் விற்று, குவளை நாச்சியைவிட ஒன்றாவது கூட இருக்கட்டும் என்று சேர்த்தது பதின்மூன்று. நாச்சியின் பன்னிரண்டு இதில் சேராது. அவை இப்போதைக்குப் புல்லூற்றிலேயே மேயும்.

கல்லூரிக்கு நாம் தரவேண்டிய நிலுவை, ஆடு ஐந்நூற்று நாற்பத்தேழு.