இடது கண்ணுக்கு மட்டும்

அன்புள்ள வாண்டுவுக்கு அம்மா எழுதுவது.

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுவாய். இங்கே எல்லோரும் சுகம், என் இடது கண்ணைத் தவிர. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கண் அழுத்தத்துக்கு இடது கண்ணில் மட்டும் விடச் சொல்லி டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தது உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது, இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் இதா என்று அழுதது போதாதென்று நாலாம் நாளே இமை வீங்கிக் கண் சிவந்து அரிப்பு உயிரை வாங்கியது. போனில் கேட்டதற்கு மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும், பழகிடும் என்றார் டாக்டர். நீயும் அவரு படிச்சவரு, சொன்னபடி கேளும்மா என்றாய், அது சுருக்கென்று தைத்தது, நானும் கல்லூரி வாசல் மிதித்தவள்தான். நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் அதைவிடக் கூத்து. பெரிய டீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்தி, பச்சப் பிள்ளைங்க இருக்கற இடம், கண்வலி ஒட்டிக்கும், டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன் என்றார். எனக்கு வந்ததே கோபம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நல்லா பாருங்க டீச்சர், பதினோரு நாளா பக்கத்துலயே இருக்கற வலது கண்ணுக்கே ஒட்டல, அங்க நிக்கற உங்களுக்கா ஒட்டப்போகுது என்றேன். சமையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மருந்தை நானாக நிறுத்தவில்லை, பயப்படாதே. நிறுத்தினால் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே ஆபத்து, சொட்டு விட்டால் வீக்கம், நடுவில் கிடந்து தவித்தது நான்தான். இன்று நேராகப் போய் டாக்டர் எதிரில் உட்கார்ந்து, மருந்து படாத கண்ணு மட்டும் ஏன் சார் நல்லாயிருக்கு, பதில் தெரியாம எழுந்திரிக்க மாட்டேன் என்றேன். வெளியே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், நான் அசையவில்லை. இமையைப் புரட்டிப் பார்த்தவர், அலர்ஜிதாம்மா, அன்னைக்கே உங்களை வரச் சொல்லியிருக்கணும் என்று வேறு மருந்து எழுதினார், இது ஒட்டும் நோயில்லை என்றும் எழுதி முத்திரை குத்தித் தந்தார். நாளைக் காலை அதைப் பெரிய டீச்சர் மேசையில் வைக்கிறேன், வேற ஆளைப் பார்த்தாச்சு என்றாலும் வாசலை விட்டு நகரப்போவதில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார், கண் அழுத்தம் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாமாம். எனக்கு நல்லாத்தானே தெரியுது என்று தட்டிக் கழிக்காதே, எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. இந்த வாரமே போய்ப் பார்த்துவிடு. உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். என்ன சொன்னார்கள் என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் பிடிவாதக்கார அம்மா